ஏணி போய் முன்கால் வந்தது

பாய் கட்டிய பலகையை நீரடி இறக்கையால் எழுப்பி ஓட்டும் விண்ட் ஃபாயில் பழக வருகிறவருக்குப் பயிற்சியாளர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "முன்காலை அழுத்துங்க." பலகை நீரை விட்டு எழும்பியதும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் மூக்கு உயரும். அடியிலுள்ள இறக்கை நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வரும். ஆளும் பாயும் தண்ணீரில் கிடப்பார்கள். பிற்பகலில் தெற்கிலிருந்து இன்வெர்னா காற்று வீசும் வட இத்தாலியின் மஜோரே ஏரியில் நான் இதைப் பழகினேன். அந்த முன்காலின் வரலாறும் இந்த ஏரியோடு பிணைந்தது.

1906-இல் என்ரிக்கோ ஃபோர்லானினி என்ற இத்தாலியப் பொறியாளர் இங்கேதான் ஒரு படகை நீருக்கு மேலே எழுப்பி ஓட்டினார். அதன் அடியில் ஏணிப்படிகளாக அடுக்கிய இறக்கைகள். வேகம் இரு மடங்கானால் இறக்கையின் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஆனால் படகு உயர உயர மேல்படிகள் ஒவ்வொன்றாக நீரை விட்டு விலகும். தூக்குவிசையும் அளவோடு நின்றுவிடும். உயரத்தை ஏணியே பார்த்துக்கொண்டது. இதே ஏரியில் ஃபோர்லானினியின் படகில் ஏறிப் பார்த்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய கூட்டாளி கேசி பால்டுவினும் கனடாவில் கட்டிய எச்.டி.-4 படகிலும் ஏணிதான். 1919 செப்டம்பர் 9 அன்று அது மணிக்கு 114 கி.மீ. வேகத்தை எட்டியது.

விண்ட் ஃபாயிலின் மறுபாதியான பாயின் கதை அமெரிக்காவில் நடந்தது. 1960-களில் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி பலகையில் பாய் கட்டினார். கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹோய்ல் ஷ்வைட்சரும் எத்திசையிலும் வளையும் மூட்டில் பாய்மரத்தை நிறுத்தி, 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். சுக்கான் தேவைப்படவில்லை. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். சுக்கானின் வேலை கைக்கு வந்தது.

இன்றைய விண்ட் ஃபாயிலில் ஏணியும் இல்லை. ஒற்றைத் தண்டு, அதன் அடியில் முன்னொரு இறக்கை, பின்னொரு சிறிய இறக்கை, அவ்வளவே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் மார்த்தா மஜெத்தியும் டாம் ரெவேனியும் தங்கம் வென்ற ஐ.கியூ.ஃபாயில் பலகையும் இப்படித்தான். ஏணி பார்த்த வேலையை அங்கே முன்கால் பார்க்கிறது.

கருவி எளிமையாக ஆக, பழகுகிறவரின் பாடம் கூடியிருக்கிறது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: மிதமான காற்றில், பெரிய முன்னிறக்கையோடு தொடங்குங்கள். அது குறைந்த வேகத்திலேயே தூக்கிவிடும். ஏணியின் வேலையைக் கற்றுக்கொள்ள முன்காலுக்கு அவகாசம் கிடைக்கும்.