கடலுக்கடியில் எரியும் ஐஸ்: எதிரொலியை நம்பலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

"கடலுக்கடியில் காஸ் ஐஸ் கட்டியாக இருக்கிறதாம், இனி சிலிண்டருக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லையா சேர்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியாம். 2022இல் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியற்காலையில் வரிசைக்குப் போன வீட்டுப் பிள்ளை. சிரித்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

அந்த ஐஸ் உண்மைதான். பெயர் காஸ் ஹைட்ரேட். குளிரும் அழுத்தமும் போதிய அளவு இருந்தால் நீர் மூலக்கூறுகள் கூடு கட்டி மெதேனை உள்ளே அடைத்துக்கொள்ளும். ஒரு கன மீற்றர் ஹைட்ரேட் உருகினால் சுமார் 164 கன மீற்றர் வாயு வெளிவரும். இப்படியொரு பொருள் உண்டு என்பதை 1810இலேயே ஹம்ப்ரி டேவி குளோரினை வைத்துக் கண்டார். 1934இல் குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய்களை அடைப்பது இதுதான் என்று தெரிந்தபோது, அது வெறும் தொல்லையாகத்தான் இருந்தது.

கடலடியில் இதை எப்படித் தேடுவது? நம் மலைச்சரிவில் நின்று கூவினால் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் திரும்பும் அல்லவா, அதே வழிதான். கப்பல் இழுத்துச் செல்லும் கருவி அமுக்கிய காற்றைத் திடீரென விட்டு ஒலி எழுப்பும். பின்னால் மிதக்கும் நீண்ட வடத்திலுள்ள ஒலிவாங்கிகள் எதிரொலியைப் பதியும். ஹைட்ரேட் உள்ள சேற்றில் ஒலி வேகமாக ஓடும். அதற்குக் கீழே வாயு தங்கியிருந்தால் வேகம் சட்டெனக் குறையும். அந்த எல்லையிலிருந்து வரும் எதிரொலி, கடல்தளத்தின் மேடுபள்ளத்தை அப்படியே பின்பற்றி, மண்படைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கோடாகத் தெரியும். அலையும் தலைகீழாகத் திரும்பியிருக்கும்.

கோட்டைக் கண்டால் போதுமா? இங்கேதான் இந்தியாவின் கதை வருகிறது. 1997இல் தேசிய காஸ் ஹைட்ரேட் திட்டம் தொடங்கி, பழைய ஒலிப்பதிவுகளில் இந்தக் கோட்டைத் தேடினார்கள். 2006 ஏப்ரல் 28 முதல் ஆகஸ்ட் 19 வரை, 113 நாட்கள், 'ஜோய்டெஸ் ரெசல்யூஷன்' என்ற கப்பல் 21 இடங்களில் 39 துளைகள் போட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் உடனிருந்தது. முதல் இடம் கேரள - கொங்கண் கடல். அங்கே ஹைட்ரேட்டே இல்லை! பிறகு கப்பல் வங்காள விரிகுடாவுக்குப் போனது, நம் தீவைச் சுற்றிக்கொண்டுதான். பாக்கு நீரிணையில் அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. கிருஷ்ணா - கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில், சுமார் 1,000 மீற்றர் நீருக்கடியில், களிமண் வெடிப்புகளுக்குள் சுமார் 130 மீற்றர் தடிப்புக்கு ஹைட்ரேட் கிடைத்தது. அந்தமான் பக்கம் எரிமலைச் சாம்பல் படைகளில் கிடைத்தது.

ஆனால் களிமண்ணிலிருந்து வாயு எடுப்பது கஷ்டம், மணல்தான் வேண்டும். அதற்காக 2015இல் ஜப்பானின் 'சிக்யு' கப்பல் வந்து, அதே கடலில் மணற்படைகளில் செறிவான ஹைட்ரேட்டைக் கண்டது. ஜப்பானியர் எடுத்தும் பார்த்தார்கள்: 2013 மார்ச்சில் நன்காய் கடலில் ஆறே நாள். கிணற்றுக்குள் மணல் வந்து நிறுத்தியது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பையன் விடவில்லை. "அப்ப மன்னார்ல கிடைச்சது?" 2011இல் அங்கே டொராடோ, பரகுடா என்ற இரண்டு கிணறுகளில் கண்டது இந்த ஐஸ் இல்லை, சாதாரண இயற்கை வாயு. அதுவும் இன்னும் கரைக்கு வரவில்லை என்றேன்.