எஃப்.ஏ. வகுப்பு

குடவாசலிலும் இன்று ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. 1900-ம் ஆண்டுவாக்கில் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கல்லூரி என்றால் கும்பகோணம்தான். காவேரிக் கரையில், 1854-ல் பள்ளிக்கூடமாகத் தோன்றி 1867-ல் கல்லூரியான இடம்.

அங்கே முதல் படி எஃப்.ஏ. ஆங்கிலம், கணிதம், பிஸியாலஜி, கிரேக்க ரோம சரித்திரம், இன்னொரு மொழி. ஒன்றில் வழுக்கினாலும் எல்லாம் போச்சு. லெக்சரோ ஆங்கிலத்தில். வயல் வரப்பில் வளர்ந்த பையன் இரைப்பையின் வேலையையும் சீஸரின் படையெடுப்பையும் ஒரே அந்நிய பாஷையில் காதால் வாங்கி, புரிந்ததோ இல்லையோ, நோட்டில் இறக்க வேண்டும். 1880 முதல் 1903 வரை உ. வே. சாமிநாதையர் அங்கே தமிழ் சொன்னார். அந்த வகுப்பிலாவது பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள்.

1904-ல் உபகாரச் சம்பளத்தோடு அங்கே சேர்ந்தார் ராமானுஜன். கணக்குக்கு அவருக்கு லெக்சரே வேண்டியதில்லை. மற்ற வகுப்புகளில் உடம்பு பெஞ்சில், மனசு எண்களில். ஆங்கிலத்தில் தவறினார், சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டை விட்டே ஓடினார், விசாகப்பட்டினத்துக்கு. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கே பிஸியாலஜி காலை வாரிற்று. 1906-லும் தேறவில்லை, 1907-லும் தேறவில்லை.

பரீட்சையை மட்டும் திட்டுவானேன்? அவரும் மற்றப் பாடங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லைதான். ஆனாலும், இரைப்பை புரியாதவனுக்குக் கணக்கின் கதவையும் சேர்த்துச் சாத்துவது என்ன நியாயமோ!

1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது என்றே குறிப்பிட்டார். கும்பகோணத்தையும் பச்சையப்பனையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.