பழங்கறி: பொங்கல் மிச்சத்தின் சமூக வரலாறு

தைப்பொங்கலன்று இலை எடுத்தபின் அடுக்களையில் மிஞ்சியது தென்மாவட்டத்து வீடுகளில் மூன்று வழியாகப் போனது. சோற்றில் தண்ணீர் ஊற்றினார்கள். குழம்பையும் காய்களையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டவைத்தார்கள். இன்னொரு பங்கு வாசலுக்குப் போனது. ஃபிரிட்ஜ் வந்ததும் இந்தப் பழக்கம் ஒழிந்தது என்பது பொதுவான பேச்சு. ஆனால் ஃபிரிட்ஜ் வருவதற்கு வெகுகாலம் முன்பே காப்பி அதன் அடியைப் பெயர்க்கத் தொடங்கிவிட்டது என்பதும், வாசலுக்குப் போன பங்கின் கதை முற்றிலும் வேறு என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சோறு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், உழவுத் தொழிலாளரின் பிள்ளைகள் பழஞ்சோறு தின்று சலித்துப்போய், புது வைக்கோல் வேய்ந்த குடிலின் முற்றத்தில் அவல் இடிக்கும் காட்சி வருகிறது. சலித்துப்போகும் அளவுக்கு அது அன்றாட உணவாக இருந்திருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. அந்தப் புளிப்பில் மற்ற பல கிருமிகளுக்கு வளர்ச்சி குறைகிறது. அதாவது பழையது வெறும் மிச்சம் என்பதைவிட, பக்குவம் செய்யப்பட்ட உணவு. யாழ்ப்பாணத்தில் முதல்நாள் கறிகளைப் பழஞ்சோற்றோடு குழைத்து, சுற்றி உட்கார்ந்தவர்களின் கையில் உருண்டையாக வைக்கும் வழக்கமும் இதன் உடன்பிறப்புதான். சடங்கிலும் அதற்கு இடமுண்டு. பொங்கலுக்கு மறுநாள் காலை சில சமூகங்களின் பெண்கள் மஞ்சள் இலையில் கனுப்பிடி வைத்து, உடன்பிறந்தார் நலம் வேண்டுவார்கள். மரபுப்படி அந்தப் பிடிக்கு முதல்நாள் சோறுதான் உகந்தது.

கறியின் கதை இன்னும் சுவையானது. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துப் பொங்கல் சமையல் நாட்டுக்காய்களின் திருவிழா: சிறுகிழங்கு, சேனை, சேம்பு, வாழைக்காய், பூசணி, அவரை, மொச்சை. சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு, அவியல், பொரியல் என்று தனித்தனியாகப் பந்தியேறியவை அன்று மாலைக்குள் ஒரே மண்சட்டியில் சேரும். விறகை இழுத்துத் தணலைச் சிறுதீயாக்கி, அடிபிடிக்காமல் கிளறிவிட்டால் தண்ணீர் வற்றும். புளியும் உப்பும் காரமும் இறுகும். மறுநாளும் சூடேற்றினால் பூசணி கரைந்து குழம்போடு ஒன்றாகும். சிறுகிழங்கு மட்டும் உருக்குலையாமல் கிடக்கும். நிறம் கறுத்துப்போன அந்தப் பண்டத்தைப் பழங்கறி என்றும் சுண்டக்கறி என்றும் ஊருக்கொரு பேரில் அழைத்தார்கள். பழையதுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது என்று அடித்துச் சொல்பவர்களை இன்றும் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

இதில் ருசியளவுக்குத் தொழில்நுட்பமும் இருக்கிறது. நீர் குறைவதும் அமிலம் கூடுவதும் கெடுதலைத் தள்ளிப்போடும். வேளைக்கு வேளை கொதிக்கவைப்பது புதிதாகப் பெருகும் கிருமிகளைக் கொல்லும். அரைத்துவிட்ட தேங்காய்தான் பலவீனமான கண்ணி. ஆகவே அவியல் முதலில் சட்டிக்குப் போகவேண்டியது. ஆனால் இந்த அறிவைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதற்கில்லை. தண்ணீர் ஊற்றாமல் வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

பழங்கறி நிலைக்கப் பழையது வேண்டும்; பழையது நிலைக்கக் காலைவேளை அதற்கென ஒழிந்திருக்க வேண்டும். அந்த வேளையைத்தான் காப்பி பிடுங்கிக்கொண்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமான விதத்தையும், நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பறித்துக்கொண்டதென்று எழுந்த புலம்பலையும் விரிவாகக் காட்டுகிறது. காப்பியோடு இட்லியும் தோசையும் அன்றாடக் காலைப் பலகாரமாக ஊன்றிக்கொண்டபோது, மதிப்புள்ள வீடுகளில் பழையது வேலையாட்களின் உணவாகவும், ‘பசிக்கிறது’ என்று காலையிலேயே நச்சரிக்கும் பிள்ளைகளின் உணவாகவும் சுருங்கியது. பழங்கறி மட்டும் விசேஷத்துக்கு மறுநாள் பண்டமாக ஒட்டிக்கொண்டது.

குளிர்ச்சி தமிழகத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி, 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கொரு கிடங்கே கட்டினார்; இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். அந்த ஐஸ் வெள்ளைக்காரர்களின் கோப்பைக்குள் கரைந்தது. நம் அடுக்களைக்குள் வரவில்லை. கோத்ரெஜ் 1958இல் இந்தியாவிலேயே ஃபிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கிய பிறகும், நடுத்தர வீடுகளில் அது சாதாரணமாகப் பல பத்தாண்டுகள் ஆயின. தமிழக அரசுகள் 2006க்குப் பிறகு எரிவாயு அடுப்பும், 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தன. ஃபிரிட்ஜ் அந்தப் பட்டியலில் இல்லை. மாவை அரைத்துக் கொடுத்த அரசு, மாவை வைத்துக்கொள்வதை வீட்டுக்காரரின் சம்பளத்துக்கே விட்டுவிட்டது.

ஃபிரிட்ஜ் செய்த முக்கியமான மாற்றம் ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அது மிச்சங்களைப் பிரித்துவைத்தது. சாம்பாருக்கு ஒரு டப்பா, கூட்டுக்கு ஒன்று, அவியலுக்கு ஒன்று. ஒன்றாகக் கொட்டிச் சுண்டவைக்கும் அவசியமே போனது. தணல் அடுப்பு போய்ச் சிலிண்டர் வந்த வீட்டில் மணிக்கணக்காகச் சுண்டவைப்பது வீண்செலவாகவும் பட்டது. இப்போது பழங்கறி செய்பவர்கள் அதற்கென்றே பொங்கலன்று சாம்பாரைக் கூடுதலாக வைக்கிறார்கள். சிக்கனத்துக்குப் பிறந்த பண்டம் ஆசைக்குச் சமைக்கும் பண்டமாகிவிட்டது.

எஞ்சியிருப்பது வாசலுக்குப் போன பங்கு. பழைய நினைவுகளை எழுதுபவர்கள் பழங்கறியின் மணத்தை விவரிக்கும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஊருக்குத் துணி வெளுத்தவர்களும், முடி திருத்தியவர்களும், வயலில் உழைத்தவர்களும் விசேஷத்தன்று பாத்திரத்தோடு வாசலில் நின்றார்கள். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் வண்ணாத்தி ஆரோக்கியம் ராச்சோறு எடுக்க வீடு வீடாகப் போகிறாள். செய்த வேலைக்கு வரவேண்டிய கூலி மிச்சச் சோற்றின் உருவத்தில், கெஞ்சிக் கேட்டால்தான் விழும் பொருளாகக் கிடைக்கிறது. வீட்டுக்குள்ளே சிக்கனமாக இருந்தது வாசலில் சாதியாக நின்றது. இந்த ஏற்பாடு குலைந்ததற்கு ஃபிரிட்ஜோ காப்பியோ முதற்காரணமல்ல. அடுத்த தலைமுறை படித்தது, நகரத்துக்குப் போனது, காசாகக் கூலி கேட்டது, பாத்திரத்தோடு வந்து நிற்க மறுத்தது.

திருமண மண்டபங்களின் மிச்சத்துக்கு இப்போது சட்டமே உண்டு: உபரி உணவைத் திரட்டிப் பகிர்வதற்கான விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்டது. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் பண்டிகை மிச்சம் வீட்டுவேலைக்கு வரும் அக்காவின் கைக்கு டப்பாவில் போகிறது. என்றைக்குச் சமைத்தது என்று கேட்டு வாங்குபவர்கள் உண்டு. ஃபிரிட்ஜில் வைத்த பழசு வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. ராச்சோறு எடுத்தவர்களுக்கு அப்படியொரு கேள்வியைக் கேட்க வழியிருந்ததில்லை.