சுவர் இல்லாத பூங்கா

பூங்காவுல அட்டகாசம்னா நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் மூணுதான். சுவர், பூட்டு, லத்தி. எங்க ராமநாதபுரம் பக்கம் ஒரு பூங்கா இருக்கு மக்களே, சுவரே எழுப்ப முடியாது. ஏன்னா அது கடல் :-)

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், சுற்றியுள்ள கடலும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986-ல் அறிவித்தார்கள். அட்டகாசத்துக்கும் குறைவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்தார்கள். வெடி போட்டு மீன் பிடித்தார்கள். 2001-ல் பவளப்பாறைகளை வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல காரியம்தான்.

ஆனா தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்த பெண்களும் அத்துமீறிகள் ஆயிட்டாங்க. பாறையை உடைச்சவனும் வயித்துப்பாட்டுக்குப் பாசி எடுத்தவளும் ஒண்ணா?

அந்தப் பெண்களே கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வச்சாங்க. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான். அவர்களை ஒன்று திரட்டிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. விரட்டப்பட்டவங்கதான் காவலும் காத்தாங்க.

வடக்கே பாக் நீரிணைக் கரையில் காரங்காடு. அங்க அலையாத்திக் காட்டை வனத்துறையோட சேர்ந்து ஊர்க்காரங்களே படகில் சுற்றிக் காட்டறாங்க. போன தடவை தண்ணி பாட்டிலைப் படகு விளிம்புல வச்சேன். படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, உள்ள வைங்க. விழுந்தா நாங்கதான் எடுக்கணும்."

உடனே எடுத்துப் பைக்குள்ள போட்டேன்.