சங்கரராமன் வழக்கும் காஞ்சிபுரமும்: 2004 முதல் 2013 வரை

2004 செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை மாலை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்துக்குள் புகுந்த சிலர், கோயில் மேலாளர் சங்கரராமனை வெட்டிக் கொன்றுவிட்டுப் போனார்கள். கோயில் நடை சாத்திய நேரமல்ல அது. ஆவணி வெள்ளியின் மாலைப் பொழுது. விஷ்ணுகாஞ்சி காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அதன் தீர்ப்பு 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரியில் வந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகளும் ஏறத்தாழ மூன்று மாதங்களும் ஓடியிருந்தன. கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்த வழக்கு நாட்டையே கலக்கியது என்று எழுதுவது வழக்கம். டெல்லிக்கும் சென்னைக்கும் அது பொருந்தும். காஞ்சிபுரத்தின் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள ஊரின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

காஞ்சிபுரம் ஒரே ஊராகத் தெரிந்தாலும் பேச்சில் இரண்டு. ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் கோயில்களைச் சுற்றியது பெரிய காஞ்சி. கிழக்கே வரதராஜப் பெருமாளைச் சுற்றியது சின்ன காஞ்சி. பின்னர் இந்த வழக்கில் சிக்கிய சங்கர மடம் பெரிய காஞ்சியின் சாலைத் தெருவில் இருக்கிறது. கொலை நடந்ததோ சின்ன காஞ்சியில், இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வரும் ஒரு வைணவக் கோயிலில். மடத்துக்கு இந்தக் கோயிலின் மேல் அதிகாரம் எதுவும் கிடையாது. வெளியூர்ச் செய்தியாளர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள்.

சின்ன காஞ்சிக்கு நீதிமன்றம் புதிதல்ல. வரதராஜப் பெருமாள் சன்னதியில் பிரபந்தம் ஓதும் உரிமை யாருக்கு, முதலில் எந்த வாழித்திருநாமம் என்று வைணவப் பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் தொடுத்த வழக்குகள் பிரிட்டிஷ் காலத்திலேயே தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நடந்தவை. தீர்ப்பு வந்தபின்னும் அடுத்த மனு கிளம்பும். வழக்கு என்றால் நீளும், நீளும்போது அவரவர் தரப்பு அவரவரோடு இருக்கும், வீதியில் எதிரெதிரே பார்த்தாலும் பேசாமல் போய்விடலாம் என்ற பழக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஊறிப்போனது. கொலை வழக்கு வந்தபோதும் ஊர் இந்தப் பழக்கத்தையே கைக்கொண்டது எனலாம்.

சங்கரராமன், மடத்தின் முந்தைய மடாதிபதி சந்திரசேகரேந்திர சரஸ்வதியின்மேல் பக்தி கொண்டவர். 1994இல் அந்த மடாதிபதி சித்தியடைந்த பின்னர் மடம் நடந்துகொண்ட விதத்தைக் குறைகூறி, ‘சோமசேகர கனபாடிகள்’ என்ற புனைபெயரிலும் தன் பெயரிலும் பல இடங்களுக்குக் கடிதங்களும் மனுக்களும் அனுப்பிவந்தார். இந்தக் கடிதங்கள்தான் கொலைக்குக் காரணம் என்பது பின்னாளில் போலீஸ் தரப்பு வைத்த வாதம். நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆனால் முதல் வாரங்களிலேயே கடிதங்களைப் பற்றிய பேச்சு பரவிவிட்டது. எழுதியவர் இறந்தபிறகு கடிதங்களுக்கு வாசகர்கள் கூடினார்கள்.

முதல் இரண்டு மாதங்கள் விசாரணை மெல்ல நகர்ந்தது. இந்த இடைவெளியை நிரப்பியவை நக்கீரன், ஜூனியர் விகடன், குமுதம் ரிப்போர்ட்டர் போன்ற புலனாய்வு இதழ்கள். பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் தொங்கும் சுவரொட்டித் தலைப்புகளே பலருக்கு விசாரணை அறிக்கை. இடையில் ஐந்து பேர் நீதிமன்றத்தில் சரணடைந்தார்கள். அவர்கள் உண்மைக் குற்றவாளிகளுக்குப் பதிலாக நிறுத்தப்பட்டவர்கள் என்று போலீஸ் பின்னர் சொன்னது. சரணடைந்தவரையே நம்ப முடியாது என்றால் அடுத்து யாரை நம்புவது என்ற ஐயம் அப்போது விதைக்கப்பட்டது. அது வழக்கின் கடைசிவரை நீங்கவில்லை.

ஒரு கொலை வழக்கு இப்படி ஊர்ப்பேச்சாவது தமிழ்நாட்டில் புதிய காட்சி அல்ல. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தபோது, திரை நட்சத்திரங்களான எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் தலையிட்டபின் 1947இல் விடுதலையானார்கள். 1952இல் நடந்த ஆளவந்தார் கொலை பின்னர் விசாரணைக்கு வந்தபோதும் மக்கள் நீதிமன்ற வாசலில் முண்டியடித்தார்கள். அந்தக் காலத்தில் கொலைச் சிந்து என்று ஒரு வகை உண்டு: நடந்த கொலையைப் பாட்டாகக் கட்டி, மலிவு விலைச் சிறு நூலாக அச்சிட்டு, சந்தையிலும் ரயிலிலும் பாடியபடியே விற்பார்கள். 2004இல் சிந்து பாட ஆள் இல்லை; அந்த வேலையைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. ஒரு வித்தியாசம் உண்டு. சிந்து பாடுபவர் முடிவு தெரிந்தபின்தான் பெரும்பாலும் பாடுவார். தொலைக்காட்சி முடிவு தெரியாமலே அன்றாடம் பாட வேண்டியிருந்தது.

தீபாவளி நாளான 2004 நவம்பர் 11 இரவு, ஆந்திரத்தின் மெகபூப்நகரில் மடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி கைது செய்யப்பட்டார். விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் முன்னிறுத்தப்பட்டு, வேலூர் மத்திய சிறைக்கு அனுப்பப்பட்டார். முதல்வர் ஜெயலலிதாவே மடத்தின் பக்தர் என்று கருதப்பட்டவர். அதனாலேயே கைதின் காரணம் பற்றி வதந்திகள் பெருகின.

கைதை எதிர்த்து டெல்லியில் வாஜ்பாயும் அத்வானியும் போராட்டத்தில் அமர்ந்தார்கள்; முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனும் அதில் கலந்துகொண்டார். தமிழ்நாட்டில் திராவிடர் கழகம் கைதை வரவேற்றது. காஞ்சிபுரத்திலோ வடநாட்டுத் தலைவர்கள் எதிர்பார்த்த கொந்தளிப்பு எழவில்லை. பெரும் கலவரமும் இல்லை, நாள்கணக்கில் நீண்ட கடையடைப்பும் இல்லை. காந்தி சாலைப் பட்டுக் கடைகளுக்கு முகூர்த்த வாடிக்கையாளர் வந்தபடியே இருந்தார்கள்.

இந்த அமைதிக்கு வெளியூரார் பல விளக்கம் கொடுத்தார்கள். பயம் என்றனர் சிலர், அலட்சியம் என்றனர் சிலர். ஊரின் வரலாறு வேறொரு விளக்கம் தருகிறது. காங்கிரசை விட்டுப் பெரியார் வெளியேறியது 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டில்தான். 1909இல் அண்ணா பிறந்ததும் இங்கே ஒரு நெசவாளர் மரபில்தான். பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் கோயில் பக்தியும் திராவிட இயக்க அரசியலும் ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவை. அங்கே கோயிலுக்குப் போகும் நெசவாளர், மடத்தைத் தன் இடமாக நினைத்தவர் அல்ல. மடத்துக்கு நெருக்கமானவர்களுக்கோ இது குடும்பத்துக்குள் நேர்ந்த இழவு போன்றது. வாசலில் நின்று கூவி அழ முடியாத இழவு. ஆகவே மடத்தைச் சாராதவரும் பேசவில்லை, சார்ந்தவரும் பேசவில்லை, காரணம்தான் வேறுவேறு.

ஊரை நேரடியாகத் தொட்டது பணத்தின் வழி. மடத்தோடும் அதன் அறக்கட்டளைகளோடும் தொடர்புடைய 183 வங்கிக் கணக்குகளை விசாரணைக் குழு முடக்கியது. மடம் என்பது சாலைத் தெருக் கட்டடம் மட்டுமல்ல. பள்ளிகள், மருத்துவமனைகள், வேத பாடசாலைகள் என்று அதன் பெயரில் இயங்கியவை ஏராளம். ஊருக்கு வெளியே ஏனாத்தூரில், 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகா வித்யாலயம் அவற்றில் பெரியது. வயலும் ஏரியுமாக இருந்த ஏனாத்தூருக்குக் கல்லூரிப் பேருந்துகளும் விடுதிகளும் டீக்கடைகளும் வந்தது இதனால்தான். சாமியார் கைது என்பது டெல்லியில் மதப் பிரச்சினை, சென்னையில் அரசியல். இத்தகைய நிறுவனங்களில் வேலை பார்ப்பவருக்கு மாதச் சம்பளம் வருமா என்ற கேள்வி. கணக்குகளை முடக்கியது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005 தொடக்கத்தில் சொன்ன பிறகே அந்தக் கேள்வி அடங்கியது.

டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடற்கரை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்துபோக, செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இருந்து வழக்கு ஒரே நாளில் நகர்ந்தது. இரண்டு வாரத்தில் மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தது: 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் ஜெயேந்திரருக்கு ஜாமீன் கொடுத்தது. ஒப்புதல் வாக்குமூலங்களைத் தவிரக் குறிப்பிடத்தக்க ஆதாரம் காட்டப்படவில்லை என்பது அந்த உத்தரவின் சாரம். அதே நாளில் இளைய மடாதிபதி விஜயேந்திரர் கைது செய்யப்பட்டார். ஒருவருக்கு வாசல் திறந்த நாளிலேயே இன்னொருவருக்கு மூடியதைப் பார்த்தபிறகு, போலீஸ் கொலையாளியைத் தேடுகிறதா, மடத்தைத் தேடுகிறதா என்ற சந்தேகம் மடத்தின்மேல் அன்பில்லாதவர்களிடமும் எழுந்தது. அந்த மாதமே 24 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. கைதானவர்களில் ஒருவர் அப்ரூவராக மாறியிருந்தார்.

2005 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. கணக்குகள் முடக்கப்பட்டது, சிலர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது, மடத்துக்காகப் பேசிய வழக்கறிஞர்கள்மீதும் எழுதியவர்கள்மீதும் வழக்குகள் போடப்பட்டது ஆகியவற்றை எடுத்துக்காட்டி, தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல என்றது. புதுச்சேரியைத் தேர்ந்ததற்குத் தமிழும் ஒரு காரணம்: சாட்சிகள் தமிழில் பேசலாம், ஆவணங்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

சட்டப்படி இது சரியான முடிவு. அதன் விலையைக் கொடுத்தது ஊர். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நடக்கும் விசாரணையைக் காஞ்சிபுரத்துக்காரர் போய்ப் பார்க்க முடியாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடந்த ஒரு கொலை, செய்தித்தாளில் வாய்தா தேதியாக மட்டும் மிஞ்சியது. குற்றச்சாட்டு 2006இல் பதிவானது. சாட்சி விசாரணை தொடங்க 2009 ஆகிவிட்டது. 2011இல், நீதிபதியோடு பேரம் பேசியதாகச் சொல்லப்பட்ட ஓர் ஒலிப்பதிவு வெளிவந்து, சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை நிறுத்தி வைத்தது. பிறகு வேறு நீதிபதி வந்தார்.

சாட்சிக் கூண்டில் நடந்ததுதான் வழக்கின் மையம். விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகளானார்கள். அப்ரூவரும் பின்வாங்கினார். சங்கரராமன் குடும்பத்தினரே போலீசிடம் சொன்னதாகப் பதிவானதை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தவில்லை. பணம், பயம், வற்புறுத்தல் என்று ஊகங்கள் பல. போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலங்களே தவறானவை என்பதும் சாத்தியம். அப்படியானால் பிறழ்ந்தது சாட்சி அல்ல, ஆவணம். இவற்றோடு எளிமையான ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு முகத்தை அடையாளம் காட்டச் சொன்னால், அதே ஊரில் அதே தெருவில் தொடர்ந்து குடியிருக்க வேண்டிய ஒருவர் ‘நினைவில்லை’ என்று சொல்வதற்குச் சதி தேவையில்லை.

2013இல் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் சென்னையில் கொல்லப்பட்டார். எஞ்சிய 23 பேரையும் நவம்பர் 27 அன்று முதன்மை அமர்வு நீதிபதி சி.எஸ்.முருகன் விடுதலை செய்தார். மடத்தின் அன்பர்கள் கொண்டாடினார்கள். மற்ற தெருக்களில் தீர்ப்பு அன்றைய செய்திகளில் ஒன்றாகக் கடந்துபோனது. ஒன்பதாண்டு முன்பு வார இதழ்களைப் பிரித்துப் பிரித்துப் படித்த தலைமுறை, பாதிச் சங்கதிகளை மறந்திருந்தது. யார் குற்றவாளி என்ற வாதம் அதற்குள் ‘எல்லாம் நமக்குத் தெரியும்’ என்று ஆளுக்கொன்றாகச் சொல்லும் முடிந்த கதையாகிவிட்டது; தீர்ப்பு அந்தக் கதைகளில் எதையும் மாற்றவில்லை.

2002இல் சென்னையில் ஓர் ஆடிட்டர் தாக்கப்பட்ட வழக்கிலும் ஜெயேந்திரர் உள்ளிட்டோர் 2016இல் விடுதலையானார்கள். 2018 பிப்ரவரி 28 அன்று ஜெயேந்திரர் காஞ்சிபுரத்தில் காலமானார். மடத்துக்குள் தன் குருவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. சாட்சியின் அடையாளத்தை மறைப்பது, தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்துவது ஆகியவை அதில் அடங்கும். சின்ன காஞ்சி போன்ற ஊரில், யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று அடுத்த தெருவுக்கும் தெரிந்த இடத்தில், அடையாளத்தை எப்படி மறைப்பது என்பதற்கு அந்தத் திட்டத்தில் தனி விடை இல்லை.