தள்ளுறவனை என்ன பண்றது? உறையூர்க்காரன் ஒருத்தன் செஞ்சது

ஒருத்தன் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினா நாம செய்யற முதல் வேலை என்ன? திருப்பித் தள்றது. அங்கேயே பாதி ஆட்டம் காலி. நேருக்கு நேர் தள்ளினா எடை கூடினவன்தான் ஜெயிப்பான், இதைச் சொல்ல வாத்தியார் தேவையில்லை.

1882-ல் ஜூடோவை ஆரம்பிச்ச ஜிகோரோ கானோ இதுக்கு ஒரு கணக்கு சொல்லுவார். எதிராளி பலம் 10, என் பலம் 7. எதிர்த்து நின்னா நான் கீழே. அவன் தள்ளும்போது நிலை குலையாம விலகிக் கொடுத்தா, அவன் முன்னால சாய்ஞ்சு தடுமாறுவான். அந்த நொடியில அவன்கிட்ட இருக்கிறது 3 தான், என்னோட 7 அப்படியே இருக்கு.

சரி, ஜப்பான் கதை நமக்கெதுக்குங்கறீங்களா? நம்ம திருவானைக்காவல்லேர்ந்து காவிரிப் பாலம் தாண்டினா உறையூர் பக்கம்தான். அங்கே அரசனா இருந்தவன் தித்தன். அவன் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. (பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே மல்யுத்தமே முடிஞ்சுடும் :-)) அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது. நாட்டை விட்டுட்டுக் கூழ் குடிச்சுக்கிட்டுக் கிடந்தான்னு உரைக்காரங்க சொல்றாங்க. அவன் ஆமூர்ல ஒரு மல்லனோட மோதினதைப் புறநானூறு 80-ஆம் பாட்டுல சாத்தந்தையார் சொல்றார்.

அந்தப் பாட்டை நான் ரசிக்கிறது வீரத்துக்காக இல்லை, விவரத்துக்காக. ஜெயிச்சான், கொன்னான்னு பொதுவா சொல்லிட்டுப் போகாம, எந்தக் கால் எங்கே இருந்ததுன்னு எழுதியிருக்கார் மனுஷன். ஒரு கால் மல்லன் மார்புல மண்டியா மடிஞ்சிருக்கு. இன்னொரு கால், அவன் செய்ய வந்த உபாயத்தைத் தடுத்துட்டு, அவன் முதுகுப் பக்கம் வளைஞ்சிருக்கு. பழைய உரை இப்படித்தான் விளக்குது. வரிசையைக் கவனிங்க. முதல்ல வந்த விசையை விலக்கறது, அப்புறம்தான் பிடி. மல்லன் பலசாலின்னு பாட்டே ஒத்துக்குது, அதனால பலத்தோட பலம் மோதலை.

உவமை இன்னும் பிரமாதம். பசியோட மூங்கிலைத் தின்னப் பார்க்கிற யானை மாதிரி, ரெண்டு முனையும் ஒடியறபடி மோதினானாம். எஞ்சினியரிங்ல பொருட்களின் வலிமைன்னு ஒரு பாடத்துல அரியர் வெச்சவங்களுக்குக் கூட இது புரியும். மூங்கிலை நீளவாக்குல அமுக்கினா லேசுல ஒடியாது. நடுவுல ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து, முனைகளை எதிர்ப்பக்கம் இழுத்தா குறைஞ்ச விசையிலேயே வளையும். இங்கே நடுவுல முட்டு, மார்புல இருக்கிற முழங்கால். முனைகள், மல்லனோட தலையும் காலும்.

இதுக்கெல்லாம் நேரம் ரொம்பக் கம்மி. தள்ளினவன் தடுமாறுற நொடி போயிட்டா அவன் பழையபடி 10 தான். 82-ஆம் பாட்டுல அந்த வேகமும் இருக்கு. ஊர்ல திருவிழா, வீட்ல மனைவிக்குப் பிரசவ வலி, வெளியே மழை, பொழுதும் சாயுது. இந்த நேரத்துல கட்டில் பின்னுறவன் கையிலே ஊசி எப்படி ஓடும்? அதைவிட வேகமா நடந்ததாம் அந்தச் சண்டை.

தித்தன் மகனுக்கு உதவினாலும் சரி, உதவாட்டியும் சரி, இந்தக் காட்சியை அவன் பார்க்கணும்னு ஆசைப்படறார் சாத்தந்தையார். பார்த்த ஒருத்தர் உண்டு, ஆனா அது தித்தன் இல்லை. உறையூர் வணிகர் மகள் நக்கண்ணையார். ஜெயம் இவனுக்குத்தான்னு சில பேரும், இல்லைன்னு சில பேரும் கத்திக்கிட்டிருக்க, சிலம்பு ஒலிக்க ஓடிப் போய் ஒரு பனைமரத்தை ஒட்டி நின்னு, அவன் ஜெயிச்சதைக் கண்ணால பார்த்தேன்னு 85-ஆம் பாட்டுல சொல்றாங்க.