நூல் மதிப்புரையும் வாசிப்புப் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

நூல் மதிப்புரை எழுதுபவர் நிரம்பப் படித்தவராக இருத்தல் வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கற்றுத் தேர்ந்தவரே பிறர் நூலை மதிப்பிடத் தகுதியுடையவர் என்று நாம் கருதி வந்துள்ளோம். ஆயின், மதிப்புரையின் வரலாற்றைச் சற்றே கூர்ந்து நோக்குங்கால் இவ்வரிசை சில இடங்களில் தலைகீழாக அமைந்திருத்தலைக் காண்கின்றோம். மதிப்புரை எழுத ஒப்புக்கொண்டதனாலேயே படிக்க நேர்ந்து, அவ்வாறு படித்ததனாலேயே பெரும் வாசகராக வளர்ந்தோர் உளர். தம் வாசிப்பைத் தாமே வளர்த்துக்கொள்ள மதிப்புரையை ஒரு கருவியாகக் கொண்ட அத்தகையோரை முன்னிறுத்தியே இக்கட்டுரை அமைகிறது.

தமிழில் பிறர் நூலைப் பற்றி எழுதும் மரபு பழமையானது. நன்னூல் அதற்கு இலக்கணமே வகுத்துள்ளது. ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சிறப்புப்பாயிரம் உரைத்தல் வேண்டும் என்பது அவ்விலக்கணம். காலம், களம், காரணம் என்னும் மூன்றனைச் சேர்த்துப் பதினொன்று எனக் கொள்வாரும் உண்டு. இன்றைய மதிப்புரையாளர் பலர் இவற்றுள் பாதியைக்கூடத் தருவதில்லை என்பதை இவ்விடத்துச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நம் கவனத்திற்குரியது பாயிரம் செய்தற்குரியோர் யாவர் என்னும் பகுதியாகும். நூலாசிரியனின் ஆசிரியன், அவனொடு கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என நால்வரை நன்னூல் குறிக்கின்றது. இந்நால்வரும் ஏதேனும் ஒரு வகையில் நூலாசிரியனோடோ நூலோடோ முன்னரே உறவுடையோர். நூலாசிரியனை அறியாத ஒருவன், நூல் கைக்கு வந்த பின்னரே அதனைப் படித்துக் கருத்துரைக்கும் நிலை அங்கு எண்ணப்படவில்லை. அந்த ஐந்தாமவனே இக்கால மதிப்புரையாளன். அவனை உருவாக்கியது அச்சு ஊடகம்.

அச்சுக்கூடங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பாயிர மரபு உடனே மறையவில்லை. புலவர்கள் அளித்த சாற்றுக்கவிகளைத் தாங்கியே நூல்கள் பல வெளிவந்தன. பின்னர் இதழ்கள் தோன்றிய போது, அனுப்பப்பெற்ற நூல்களை ‘வரப்பெற்றோம்’ எனப் பட்டியலிடும் வழக்கமும், மதிப்புரைக்கு இரு படிகள் அனுப்புக என்னும் அறிவிப்பும் வந்தன. இரு படிகளுள் ஒன்று அலுவலகத்திற்கு, மற்றொன்று எழுதுபவருக்கு. சிற்றிதழ்களில் எழுதியோர் பலருக்குக் கிடைத்த சன்மானமும் அந்நூலே. வாங்கிப் படிக்க வசதியற்ற இளைஞர்க்கு இது சிறிய வாய்ப்பன்று.

மதிப்புரையைக் கல்விச்சாலையாகவே கொண்டவர் என ஆங்கில இலக்கிய உலகில் ஒருவரைச் சுட்டலாம். வர்ஜீனியா வுல்ஃப் தம் சகோதரர்களைப் போலக் கேம்பிரிட்ஜ் சென்று பயிலும் வாய்ப்பைப் பெற்றாரல்லர். 1904 டிசம்பரில் ஒரு சமயச் சார்புள்ள வார இதழில் தம் முதல் மதிப்புரையை வெளியிட்டார். 1905 மார்ச்சில் டைம்ஸ் இலக்கிய இணைப்பிதழில் அவரது எழுத்து முதன்முதலாக இடம்பெற்றது. அதற்குரியவையாக அவர்க்குக் கிடைத்தவை தாக்கரே, டிக்கன்ஸ் ஆகியோர் வாழ்ந்த, எழுதிய இடங்களைப் பற்றிய இரு நூல்கள். தாமாகத் தேர்ந்து வாங்கியிருக்கக்கூடிய நூல்கள் அவை என்று தோன்றவில்லை. அவ்விதழில் எழுதுவோர் பெயர் 1974 வரை வெளியிடப்பெறாத வழக்கம் இருந்தமையால், புகழ் கருதி எழுதவும் இடமில்லை. குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் அவரிடம் நிலைத்தது. 1925இல் தம் கட்டுரைகளைத் தொகுத்தபோது அவர் சூட்டிய பெயர் ‘பொது வாசகர்’ என்னும் பொருளுடையது. திறனாய்வாளர் என்றோ அறிஞர் என்றோ அவர் தம்மை முன்னிறுத்தவில்லை என்பது கருதத்தக்கது.

அவரே 1939இல் மதிப்புரை முறையைச் சாடி ஒரு சிறு நூல் வெளியிட்டார். செய்தித்தாள்களின் மதிப்புரைகளுக்கு மாற்றாக நூலின் சுருக்கம், சில பகுதிகள், ஏற்பையோ மறுப்பையோ காட்டும் ஒரு குறி ஆகியன போதும் என்றும், மதிப்புரையாளர் நூலாசிரியரைத் தனியே சந்தித்துக் கட்டணம் பெற்று ஆலோசனை கூறலாம் என்றும் அவர் முன்மொழிந்தார். முப்பத்தைந்து ஆண்டு மதிப்புரை எழுதியவரின் சொல் இது. மதிப்புரையால் எழுதுபவர் பெற்ற பயனும் நூலாசிரியரும் பொதுமக்களும் பெற்ற பயனும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

தமிழில் இவ்வகைக்குரிய முதன்மைச் சான்று க.நா.சுப்ரமண்யம் (1912–1988) ஆவார். அவர்க்கு முன்பே, தினமணியில் பணியாற்றிய காலத்தில் புதுமைப்பித்தன் எழுதிய மதிப்புரைகள் முகமன் பாராத போக்கிற்குப் பெயர்பெற்றன. எனினும் வாசிப்பையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர் க.நா.சு. தாம் படித்த தமிழ் நூல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் தலைப்பில் 1957இல் நூலுருப் பெற்றன. அத்தலைப்பின் வினா வடிவம் நம் சிந்தனைக்குரியது. நூல் நன்று, தீது என்னும் தீர்ப்பு அதில் இல்லை. நான் படித்துவிட்டேன், நீங்கள்? என்னும் அறைகூவலே அதில் உள்ளது. அவ்வாறு பிறரை வினவ வேண்டுமாயின், வினவுபவர் முந்திக்கொண்டு படித்திருத்தல் வேண்டும். ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ போன்ற, ஆரவாரமின்றி வெளிவந்த நாவல்கள் வாசகர் கவனத்திற்கு வந்தமைக்கு அவரது அயராத வாசிப்பு ஒரு காரணமாகும். நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’ ஆகியவற்றை அவர் தமிழாக்கியதும் இதே வாசிப்பின் நீட்சி எனலாம். படித்ததைப் பகிர்வதற்கு மதிப்புரை போதாதபோது மொழிபெயர்ப்பு வந்தது.

க.நா.சு. காரணம் விளக்காது பெயர்களைப் பட்டியலிடுகிறார் என்னும் குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. கோட்பாட்டு அடிப்படை அற்ற வெறும் இரசனை என்று க.கைலாசபதி முதலியோர் அவர் முறையை மறுத்தனர். இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. பட்டியல் விவாதத்திற்கு இடங்கொடாது. நம்பலாம் அல்லது விடலாம். ஆயினும் அப்பட்டியல்கள் நூலகம் செல்லும் இளைஞர் கையில் வழிகாட்டியாகப் பயன்பட்டன என்பதையும் மறுத்தற்கில்லை. சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் காரணங்காட்டி விரித்துரைக்கும் முறையை வளர்த்து அக்குறையை ஓரளவு நிரப்பிற்று.

மதிப்புரை வாசிப்பை வளர்க்கும் என்பதற்கு எல்லையும் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையொன்றில், வந்த நூல்களுக்கெல்லாம் எழுத வேண்டிய கட்டாயம் எவ்வுணர்வும் எழாத நூல்கள்மேல் போலி உணர்வைப் புனையச் செய்கிறது என்று காட்டினார். பெரும்பாலான நூல்களை விட்டுவிட்டுச் சிலவற்றிற்கு மட்டும் குறைந்தது ஆயிரம் சொற்களில் எழுதுக என்பது அவர் பரிந்துரை.

இனி மலேசியச் சூழலுக்கு வருவோம். 1950இல் தமிழ் நேசனில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ எழுதக் கற்பித்தது. 1950களில் அந்நாளிதழில் பணியாற்றிய கு.அழகிரிசாமி கோலாலம்பூரில் நடத்திய இலக்கிய வட்டம், எழுதுவோர் கூடி எழுத்தைப் பற்றிப் பேசும் களமாயிற்று. இவ்விரண்டும் நம் இலக்கிய வரலாறுகளில் போற்றப்படுகின்றன. எனினும் நூல் பற்றிய பேச்சு பின்னாளில் பெரிதும் வெளியீட்டு விழா மேடைக்கே உரியதாயிற்று. முதல் நூலைப் பெறுபவர் பிரமுகர். நூலாய்வு செய்பவர் பெரும்பாலும் நூலாசிரியரின் நண்பர் அல்லது ஆசிரியர். நன்னூல் சொன்ன நால்வர் பொன்னாடையோடு திரும்பி வந்துள்ளனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. மேடையில் நூலாசிரியரும் குடும்பத்தாரும் அமர்ந்திருக்கையில் குறை கூறுதல் பண்பாகாது என்பது நமக்கும் புரிகிறது. அதனாலேயே வேறோர் இடம் வேண்டப்படுகிறது.

அவ்விடம் பல்கலைக்கழக வகுப்பறையாக இருக்கலாம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயக அடிகளார் 1966இல் தமிழியல் நூல்களுக்கான நோக்கு நூலொன்றைத் தொகுத்தளித்தார். இராம.சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வெளியீடுகளைத் தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ 1969இல் வெளிவந்தது. என்னென்ன நூல்கள் வந்தன என்பதை அப்பட்டியல் சொல்லும். அவை எத்தகையன என்பதைப் படித்தவரே சொல்ல வேண்டும். பருவத்திற்கு ஒரு நூலை மாணவர் ஒவ்வொருவரும் அதிலிருந்து தேர்ந்து, நன்னூலின் பதினொரு செய்திகளையும் திரட்டி, ஆர்வெல் கேட்ட ஆயிரம் சொற்களுக்குக் குறையாது மதிப்புரை எழுதும் பயிற்சியை நாம் பரிந்துரைக்கின்றோம். அந்நூலாசிரியர் பலர் இன்று நம்மிடையே இல்லை. முகமன் கருதியோ மனத்தாங்கலுக்கு அஞ்சியோ மாணவர் எழுத வேண்டியதில்லை. அந்நூல்களை முதலில் நூலக அடுக்கிலிருந்து எடுத்தாக வேண்டும்.